கோதுமையை நிறுத்தினால் ஆட்டிசம் சரியாகுமா? அதற்கு முன் பெற்றோர் செய்ய வேண்டிய ஒரு பரிசோதனை!

கனடாவைச் சேர்ந்த சிறுவன் அவன். வயது 5. சிறப்பு மருத்துவமனை ஒன்றில் பரிசோதித்துவிட்டு, 'தீவிர ஆட்டிசம்' என்று சொல்லியிருந்தார்கள். அவனுக்கு வயிற்றுப் பிரச்னைகளும் இருந்தன. ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தபோது வேறொரு விஷயம் தெரியவந்தது. சீலியாக் நோய்க்கான அறிகுறிகள் இருந்தன; பல சத்துகளும் உடலில் குறைந்திருந்தன. கோதுமை உணவுகளை நிறுத்தினார்கள். குறைந்திருந்த சத்துகளை மாத்திரைகளாகவும் உணவாகவும் கொடுத்தார்கள். வயிற்றுப் பிரச்னை வேகமாகச் சரியானது. அதன்பின், ஆட்டிசம் என்று கருதப்பட்ட அறிகுறிகளும் கொஞ்சம் கொஞ்சமாக விலக ஆரம்பித்தன.

2010-ல் குழந்தைகள் நரம்பியல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான உண்மைச் சம்பவம் இது. ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் எழுதியது.

இதைப் படித்ததும், ஆட்டிசம் உள்ள குழந்தையின் அம்மாவுக்கு என்ன தோன்றும்? 'நாளையிலிருந்து நம் வீட்டிலும் சப்பாத்தியை நிறுத்திவிட வேண்டியதுதான்' என்றுதான் தோன்றும். யூடியூபில் தேடினால் அதையே சொல்லும் நூறு வீடியோக்கள் வரும். வாட்ஸ்அப் குரூப்பிலும் யாராவது ஒருவர், 'என் பையனுக்குக் கேட்டுச்சுங்க' என்று எழுதியிருப்பார்.

கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சிறுவன் விஷயத்தில் மருத்துவர்கள் முதலில் செய்தது பரிசோதனை. சாப்பாட்டை மாற்றியது அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

சீலியாக் என்றால் என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம், குளூட்டன். சப்பாத்தி மாவைப் பிசையும்போது ஜவ்வு மாதிரி இழுபடுகிறதே, அதற்குக் காரணம் இதுதான். பெரும்பாலானவர்களுக்கு குளூட்டனால் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால், சிலருடைய உடம்பில் குளூட்டன் போனதும் நோய் எதிர்ப்பு சக்தி தவறான பாதையில் திரும்பி, சொந்தக் குடலையே தாக்க ஆரம்பிக்கிறது. இதுதான் சீலியாக். இது அலர்ஜி இல்லை. ஆட்டோ இம்யூன் நோய்.

சிறுகுடலின் உள்பக்கம் டர்க்கி டவலில் இருக்கும் நூல் முனைகளைப் போல லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் உண்டு. சாப்பாட்டிலிருக்கும் சத்தை உறிஞ்சி ரத்தத்தில் சேர்ப்பது இவைதான். சீலியாக் நோயில் இவை தேய்ந்து, தட்டையாகிவிடுகின்றன. பிறகு, எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின்கள் எல்லாமே குறையும்.

சின்னக் குழந்தைகளிடம் இது எப்படி வெளிப்படும்? அடிக்கடி வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, எடை ஏறாமை, வயதுக்கேற்ற உயரம் இல்லாமை, மருந்து கொடுத்தும் சரியாகாத ரத்தச்சோகை... இவை வழக்கமானவை. சிலருக்கு மலச்சிக்கல் இருக்கும். எந்நேரமும் சிணுங்கல், எரிச்சல், யாரோடும் ஒட்டாமல் சுருண்டு கிடப்பது போன்றவையும் சின்னக் குழந்தைகளிடம் காணப்படும் அறிகுறிகள்தான்.

இதற்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை வெளிக்கொண்டு வந்தவர், நெதர்லாந்தின் குழந்தைகள் மருத்துவர் வில்லெம் டிக்கே. அவருக்கு இரண்டாம் உலகப்போருக்கு முன்பே கோதுமை மீது சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் அந்த நாட்டில் கடும் பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்காமல் ஊரே வாடியபோது, சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடியும் படுத்தார்கள். இதையெல்லாம் ஆராய்ந்து 1950-ல் தன் ஆய்வேட்டை வெளியிட்டார் டிக்கே. இன்றுவரை சீலியாக் நோய்க்கு ஒரே சிகிச்சை, வாழ்நாள் முழுக்க குளூட்டன் இல்லாத உணவுதான்.

ஆட்டிசத்தோடு எங்கே முடிச்சு விழுந்தது?

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் ஏற்படும் மாறுபாடு. பேச்சு, பழகும் விதம், திரும்பத் திரும்ப ஒரே செயலைச் செய்வது, சத்தம், தொடுதல், ருசி போன்றவற்றை அதிகமாகவோ குறைவாகவோ உணர்வது என்று குழந்தைக்குக் குழந்தை இது வேறுபடும். 1943-ல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் இதைத் தனி நிலையாக விவரித்து எழுதினார். இது பெற்றோர் வளர்ப்பால் வருவது இல்லை. மரபணுக்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு வயிற்றுப் பிரச்னைகளும் இருக்கின்றன. மலச்சிக்கல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியவை மற்ற குழந்தைகளைவிட இவர்களிடம் அதிகம். எனவே, 'குடலில்தான் ஏதோ கோளாறு' என்ற சந்தேகம் வெகுகாலமாக உண்டு.

1979-ல் யாக் பாங்க்செப் என்ற நரம்பியல் அறிஞர், மூளையில் இயல்பாகச் சுரக்கும், அபின் போலச் செயல்படும் பொருள்கள் ஆட்டிசத்தில் அதிகமாக இருக்கலாம் என்றொரு கருத்தை முன்வைத்தார். அதைப் பிடித்துக்கொண்டு வேறு சிலர், 'கோதுமையும் பாலும் சரியாகச் செரிக்காமல் அபின் போன்ற துணுக்குகளாக உடைந்து, குடலிலிருந்து ரத்தத்தில் கசிந்து மூளைக்குப் போகின்றன' என்றார்கள். கோதுமையும் வேண்டாம், பாலும் வேண்டாம் என்ற உணவுமுறை உலகமெங்கும் பரவியது இதனால்தான். ஆனால், 2008-ல் லண்டனில் ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் சிறுநீரைச் சோதித்தபோது, அப்படிப்பட்ட துணுக்குகள் எதுவும் கிடைக்கவில்லை. கொள்கை ஆட்டம் கண்டது. உணவுமுறை மட்டும் நின்றுவிடவில்லை.

ஸ்வீடன் கொடுத்த விடை

சீலியாக்குக்கும் ஆட்டிசத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா? இதைக் கண்டுபிடிக்க, ஒரு நாட்டின் மருத்துவப் பதிவேடுகளையே புரட்டினார்கள் ஸ்வீடன் ஆய்வாளர்கள். அங்குள்ள 28 குடல் திசுப் பரிசோதனை மையங்களின் பதிவுகளிலிருந்து, சீலியாக் உறுதிசெய்யப்பட்ட 26,995 பேரை எடுத்துக்கொண்டார்கள். அதே வயது, அதே பாலினத்தைச் சேர்ந்த 2 லட்சத்துக்கும் அதிகமான மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். 2013-ல் முடிவுகள் வெளியாயின.

முதல் விடை: ஆட்டிசம் இருந்தவர்களுக்குப் பிறகு சீலியாக் வருவது கூடுதலாக இல்லை. மற்றவர்களுக்கு இருக்கும் வாய்ப்புதான் அவர்களுக்கும்.

இரண்டாவது விடை: சீலியாக் என்று தெரிந்த பிறகு ஆட்டிசம் கண்டறியப்படுவது சற்றே அதிகம். சுமார் 1.4 மடங்கு. ஒரு நோய்க்காக அடிக்கடி மருத்துவரிடம் போகும் குழந்தைக்கு, இன்னொரு பிரச்னையும் சீக்கிரமே கண்ணில் படும். இந்தச் சின்ன வித்தியாசத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது விடைதான் எல்லோரையும் யோசிக்க வைத்தது. ரத்தத்தில் குளூட்டனுக்கு எதிரான அறிகுறி 'பாசிட்டிவ்'. ஆனால் குடலைச் சோதித்தால் எந்தப் பாதிப்பும் இல்லை. இப்படி ஒரு பிரிவினர் இருந்தார்கள். இவர்களிடம் ஆட்டிசம் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தது சுமார் 4.5 மடங்கு அதிகம்!

அதே 2013-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இதை ஒட்டிய ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ள 37 குழந்தைகளின் ரத்தத்தில், கோதுமைப் புரதத்துக்கு எதிரான ஒருவகை ஆன்டிபாடி கூடுதலாக இருந்தது. வயிற்றுப் பிரச்னை இருந்த குழந்தைகளிடம் இது இன்னும் அதிகம். ஆனால், சீலியாக் நோய்க்கே உரிய ஆன்டிபாடிகள் அவர்களிடம் கூடுதலாக இல்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் புரிவது இதுதான். ஆட்டிசம் உள்ள சிலரின் உடம்பு, கோதுமைப் புரதத்தை வேறு மாதிரி எதிர்கொள்கிறது. அதற்காக, கோதுமைதான் ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்று சொல்லிவிட முடியாது. மழை பெய்யும்போது குடைகள் அதிகம் தென்படும். அதனால் குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்பீர்களா?

நிறுத்திப் பார்த்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

போலந்தின் வார்சா நகரில் 3 முதல் 6 வயதுக்கு உட்பட்ட, ஆட்டிசம் உள்ள 66 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எல்லோருமே அதற்கு முன்பிருந்தே கோதுமை இல்லாத உணவு சாப்பிட்டு வந்தவர்கள். அவர்களில் ஒரு பாதிக் குழந்தைகள் அதையே தொடர்ந்தார்கள். இன்னொரு பாதிக்கு, தினமும் ஒரு வேளையாவது குளூட்டன் உள்ள உணவு கொடுக்கப்பட்டது. 6 மாதங்கள் கழித்துப் பார்த்தால், ஆட்டிசம் அறிகுறிகளிலோ, நடத்தையிலோ, வயிற்றுத் தொந்தரவுகளிலோ இரு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. 2020-ல் வெளியான முடிவு இது.

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகம் இன்னும் கறாராகச் சோதித்தது. கோதுமையும் பாலும் நிறுத்தப்பட்ட 14 குழந்தைகளுக்கு, கோதுமை கலந்த தின்பண்டம், பால் கலந்தது, இரண்டும் கலந்தது, எதுவும் கலக்காதது என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எதில் என்ன இருக்கிறது என்று பெற்றோருக்கும் தெரியாது, கவனித்த நிபுணர்களுக்கும் தெரியாது. குழந்தைகளின் தூக்கத்திலோ, கவனத்திலோ, நடத்தையிலோ எந்த மாற்றமும் தென்படவில்லை.

ஆனால், அந்த ஆய்வின் தொடக்கத்தில் நடந்த ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. ஆய்வில் சேர்ப்பதற்கு முன் எல்லாக் குழந்தைகளுக்கும் சீலியாக் பரிசோதனை செய்தார்கள். அதில் ஒரு குழந்தைக்கு 'பாசிட்டிவ்' என்று வந்தது. இன்னொரு குழந்தைக்கு இரும்புச்சத்துக் குறைபாடு தெரிந்தது. இருவரையும் ஆய்வில் சேர்க்கவில்லை. ஏனென்றால், அவர்களுக்குத் தேவைப்பட்டது சிகிச்சை.

கனடா சிறுவனும் இந்தக் குழந்தையும் ஒரே பக்கம். அவர்களுக்கு கோதுமையை நிறுத்துவது மருத்துவம். சீலியாக் இல்லாத மற்ற குழந்தைகளுக்கு அது ஆட்டிசத்துக்கான மருந்து இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பும், ஆட்டிசத்தின் அடிப்படை அறிகுறிகளைச் சரிசெய்வதற்காக கோதுமை, பால் தவிர்க்கும் உணவுமுறையைப் பயன்படுத்த வேண்டாம் என்றே தன் வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது.

வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை

'அப்படியானால் இந்தப் பேச்சையே விட்டுவிடலாமா?' என்றால், அதுவும் தவறு.

பேச்சு வராத 4 வயதுக் குழந்தைக்கு வயிறு வலிக்கிறது. 'அம்மா, வயிறு வலிக்குது' என்று அதற்குச் சொல்லத் தெரியாது. என்ன செய்யும்? மேஜை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்கும். தலையைச் சுவரில் மோதும். கையைக் கடித்துக்கொள்ளும். நடுராத்திரியில் எழுந்து அலறும். சாப்பாட்டைக் கண்டாலே ஓடும்.

இவற்றைப் பார்க்கும் பெரியவர்கள், 'ஆட்டிசம்னா இப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து. 2010-ல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று இதைப் பற்றித் தெளிவாகவே அறிவுறுத்தியது. ஆட்டிசம் உள்ள குழந்தையின் வயிற்றுப் பிரச்னையை, மற்ற எந்தக் குழந்தைக்கும் பார்ப்பது போலவே முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். நடத்தையில் திடீர் மாற்றம் வந்தால், பின்னால் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது அந்தக் குழு.

வலி தீர்ந்தால் குழந்தை அமைதியாகும், தூங்கும், கவனிக்கும், பயிற்சிகளில் ஒத்துழைக்கும். ஆட்டிசம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆனால், அந்தக் குழந்தையின் நாள்கள் மாறும். வீட்டின் நாள்களும்தான்.

முதலில் ரத்தம், பிறகு சாப்பாடு

சீலியாக் இருக்கிறதா என்று அறிய, முதலில் தேவை ஓர் எளிய ரத்தப் பரிசோதனை. டி.டி.ஜி - ஐ.ஜி.ஏ என்பது அதன் பெயர். கூடவே மொத்த ஐ.ஜி.ஏ அளவையும் பார்ப்பார்கள். சிலருக்கு ஐ.ஜி.ஏ இயல்பிலேயே குறைவாக இருக்கும். அதைக் கவனிக்காவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வந்துவிடும். தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி மூலம் சிறுகுடலிலிருந்து துளி திசு எடுத்து உறுதிசெய்வார்கள். இதைக் குழந்தைகளுக்கான குடல்நோய் மருத்துவர் முடிவுசெய்வார்.

இப்போது மிக முக்கியமான விஷயம். இந்தப் பரிசோதனை சரியாக வர, குழந்தை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்திவிட்டால் ஆன்டிபாடிகள் குறையும். குடலும் ஆற ஆரம்பிக்கும். நோய் இருந்தாலும் 'நெகட்டிவ்' என்று வரலாம். பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரங்கள், தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை உணவில் குளூட்டன் இருக்க வேண்டும் என்கிறது நைஸ் வழிகாட்டுதல்.

வீடியோ பார்த்துவிட்டு கோதுமையை நிறுத்திய வீட்டில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். குழந்தை கொஞ்சம் தேறுகிறது. சீலியாக்கா, வேறு காரணமா என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், மறுபடியும் 6 வாரங்கள் கோதுமை கொடுக்க வேண்டும். புது உணவு எதையுமே எளிதில் ஏற்காத குழந்தைக்கு இதைச் செய்வது எவ்வளவு சிரமம் என்பது அந்த அம்மாவுக்குத்தான் தெரியும்.

நம் ஊரில் சீலியாக் உண்டா?

2016-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், நாட்டின் மூன்று பகுதிகளில் 23,000-க்கும் அதிகமான பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். சீலியாக் ஆன்டிபாடி இருந்தவர்கள் வட இந்தியாவில் 1.23 சதவிகிதம், வடகிழக்கில் 0.87 சதவிகிதம், தென்னிந்தியாவில் 0.10 சதவிகிதம் மட்டுமே. நோய்க்கு வழிவிடும் மரபணு தெற்கிலும் இல்லாமல் இல்லை. வடக்கே ரொட்டி, இங்கே சோறு என்பதுதான் பெரிய வித்தியாசம்.

ஆக, தமிழ்நாட்டில் சீலியாக் அபூர்வம். ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. குழந்தைகளின் தட்டில் இன்று பிஸ்கட், பிரெட், பரோட்டா, நூடுல்ஸ் எல்லாமே இருக்கின்றன. வட இந்தியப் பின்னணி உள்ள குடும்பங்களும் இங்கே வசிக்கின்றன.

சீலியாக் உறுதியானால், தமிழ்நாட்டுச் சமையலறை ஒரு வரம். இட்லி, தோசை, இடியாப்பம், அரிசிப் புட்டு, ஆப்பம், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், தினைப் பொங்கல் என்று எதிலும் குளூட்டன் இல்லை. கவனம் வேண்டிய இடங்களும் உண்டு.

* ரவை, சேமியா, மைதா மூன்றுமே கோதுமைதான். உப்புமா, கேசரி, ரவா தோசை, சேமியா பாயசம் கூடாது.
* கடைகளில் கிடைக்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். சாம்பார், ரசம் வழியாக இது தினமும் உள்ளே போகும்.
* சத்துமாவில் கோதுமை, பார்லி சேர்ப்பது வழக்கம். மால்ட் பானங்களும் பார்லியில் செய்பவை.
* சோயா சாஸிலும் கோதுமை உண்டு.
* சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை வார்ப்பது, பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிப்பது இரண்டும் கூடாது.
* பாக்கெட் உணவில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

தேவையில்லாமல் நிறுத்தினால்..?

'சீலியாக் இல்லாவிட்டாலும் நிறுத்திப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?' என்று கேட்கலாம். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் நாலைந்து உணவுகளை மட்டுமே சாப்பிடுவார்கள். அதில் பிஸ்கட்டும் சப்பாத்தியும் இருந்து, அவற்றையும் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன? கோதுமையோடு பாலையும் நிறுத்தினால் கால்சியம் குறைந்து எலும்பு மெலியும். 'குளூட்டன் ஃப்ரீ' பாக்கெட்டுகளின் விலையும் அதிகம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம், காலம். பேச்சுப் பயிற்சியும், நடத்தைப் பயிற்சியும், ஆக்குபேஷனல் தெரபியும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகின்றனவோ அவ்வளவு பலன் தரும். 'டயட்டிலேயே சரியாகிடும்' என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் குழந்தையிடமிருந்து போய்விடும் மாதம்தான். அரசின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் வளர்ச்சிப் பரிசோதனையும் பயிற்சிகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

மருத்துவரிடம் எப்போது கேட்க வேண்டும்?

ஆட்டிசம் உள்ள எல்லாக் குழந்தைக்கும் சீலியாக் பரிசோதனை கட்டாயம் இல்லை. ஆனால், கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் கேளுங்கள்:

* நீண்டநாள் வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் அல்லது வயிற்று உப்புசம்
* எடை, உயரம் ஏறாமல் நிற்பது
* இரும்புச்சத்து மருந்துக்கும் சரியாகாத ரத்தச்சோகை
* காரணமே தெரியாத அலறல், தூக்கமின்மை, வயிற்றை அழுத்திக்கொள்ளுதல்
* பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ சீலியாக்
* குழந்தைக்கு டைப் 1 சர்க்கரைநோய், தைராய்டு ஆட்டோ இம்யூன் பாதிப்பு அல்லது டவுன் சிண்ட்ரோம்

அதுவரை தட்டில் இருக்கும் சப்பாத்தி அப்படியே இருக்கட்டும். அந்தக் கனடா சிறுவனுக்கு உதவியது, 'இவனுக்கு ஆட்டிசம்' என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், 'இவனுக்கு வயிற்றில் என்ன பிரச்னை?' என்று யாரோ கேட்ட கேள்விதான். உங்கள் வீட்டுக் குழந்தைக்காகவும் அந்தக் கேள்வியை மருத்துவரிடம் கேளுங்கள்.